ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோல்

திறப்பு விழாவுக்கு எல்லாம் தயாராக இருந்தது, கத்தரிக்கோலைத் தவிர.

ரிப்பனில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நான்கு விரல் அகலம், சிவப்புப் பட்டு, விறைப்பாக நிற்பதற்காக இரண்டு ஓரத்திலும் தங்க நிறக் கம்பி வைத்துத் தைத்தது. காலை ஒத்திகையில் அலுவலகக் கத்தரிக்கோல் அதை வெட்டவில்லை. பல்லில்லாதவர் கரும்பு தின்ற மாதிரி மென்று துப்பியது. மென்ற இடத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கட்டிவிட்டு, இயக்குநர் வேறு ஆயுதம் தேடிக் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்.

இயக்குநர் அந்த மருத்துவமனையின் திசுப் பரிசோதனைத் துறைக்குத் தலைவர். ஒரு காலத்தில் அவர் நுண்ணோக்கியில் கண் வைத்தால் நோய் தானே எழுந்து நின்று வாக்குமூலம் கொடுக்கும் என்று பேர் வாங்கியவர். கடந்த ஆறு வருஷமாக அவர் உற்றுப் பார்ப்பது அழைப்பிதழ்களை மட்டும்தான். இந்த முறை அழைப்பிதழில் 'முன்னறிவிப்பு மையம்' என்று போட்டிருந்தது. மையம் என்றால் ஒரு புது இயந்திரம், ஒரு மேசை, ஒரு சாயக்காரி.

சாயக்காரி என்பது பட்டப்பெயர். உடம்பிலிருந்து எடுத்த திசுவை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிச் சாயம் ஏற்றிக் கொடுப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் செய்கிறாள். கையுறை போட்டாலும் விரல் நுனியில் எப்படியோ ஒரு பழுப்பு ஒட்டிக்கொண்டிருக்கும்.

புது மையம் அறிவிக்கப்போவது இதைத்தான்: கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சையில் கர்ப்பப்பையையே எடுத்த பிறகும், 'இது திரும்பி வருமா' என்ற கேள்வி மட்டும் அந்தப் பெண்ணோடு வீட்டுக்குப் போகும். எடுத்த கட்டியில் ஐந்து புரதங்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தால் அது சாதுவா முரடா என்று ஓரளவு சொல்லலாம். ஹார்மோன் சொல்வதைக் கேட்கும் புரதங்கள் இரண்டு, காவல்காரப் புரதம் ஒன்று, மரபணுவில் விழும் கிழிசலை ஒட்டுப்போடும் புரதம் ஒன்று. இந்த நான்கும் இருக்க வேண்டியவை. காணாமல் போயிருந்தால் கட்டி முரடு. ஐந்தாவது, இருக்கக் கூடாதது. சாயம் பிடித்தால் புரதம் இருக்கிறது என்று பழுப்பாகத் தெரியும், இல்லாவிட்டால் காலி. 'ஓரளவு' என்ற சொல் மட்டும் இடப் பற்றாக்குறையால் அழைப்பிதழில் விடுபட்டிருந்தது.

இயக்குநர் கீழே வந்தபோது அறுவை அரங்கிலிருந்து ஒரு வாளி வந்து சேர்ந்து சில நிமிஷம்தான் ஆகியிருந்தது. வாளியில் ஒரு கர்ப்பப்பை. ஒட்டியிருந்த சீட்டில் பெயரைப் படித்ததும் சாயக்காரிக்குக் கை ஒரு நொடி நின்றது. தையல்காரம்மாவுடையது.

தையல்காரம்மாவைத் தெரியாதவர்கள் அந்த மருத்துவமனையில் கிடையாது. வெள்ளைக் கோட்டு, திரைச்சீலை, அறுவை அரங்கத்துப் பச்சைத் துணி எல்லாம் அவர் கையில் தைத்தது. ஐம்பத்தொன்பது வயது. கோட்டு கொடுக்க வந்தால் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போவார். சாயக்காரியை 'தங்கச்சி' என்பார்.

வாளியில் வரும் கர்ப்பப்பையை ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு பக்கமும் வெட்டி, புத்தகம் மாதிரித் திறந்து, ஃபார்மலினில் போட வேண்டும். ஃபார்மலின்தான் திசுவைக் கெடாமல் பிடித்து நிறுத்துகிறது. ஆனால் அது சோம்பேறி. தடித்த சுவருக்குள் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் பெரிய விஷயம். மூடிய கர்ப்பப்பையை அப்படியே போட்டு வைத்தால் வெளித்தோல் பத்திரமாக இருக்கும், நோய் இருக்கிற உள்பக்கம் தன் பாட்டுக்கு நைந்துபோகும். அதற்காகவே நீளமான, முனை மழுங்கிய, ஜெர்மானியக் கத்தரிக்கோல் ஒன்று மேசை ஓரத்தில் தொங்கும். இன்னொன்று சாணை பிடிக்கப் போய் இரண்டு மாதம் ஆகிறது.

இயக்குநர் அந்தக் கத்தரிக்கோலைத்தான் பார்த்தார். பார்த்த பார்வையிலேயே அது விழாவுக்குப் போய்விட்டது என்று தெரிந்தது.

"சார், இப்பதான் ஒண்ணு வந்திருக்கு. திறக்கணும்" என்றாள் சாயக்காரி.

"அஞ்சே நிமிஷம்மா. வெட்டினதும் அனுப்பிடறேன்."

கத்தரிக்கோலைக் கழுவித் துடைத்துப் பளபளவென்று ஆக்கி, வெல்வெட் விரித்த தட்டில் வைத்தார்கள். கத்தியால் திறக்கலாம் என்றால் சாயக்காரிக்கு வெட்ட அனுமதியில்லை. டாக்டர்தான் வெட்ட வேண்டும். அன்றைய டியூட்டி டாக்டர், உயரமாகவும் பார்க்க லட்சணமாகவும் இருந்த குற்றத்துக்காக, மேடையில் தட்டு ஏந்தி நின்றார். மற்ற டாக்டர்கள் எல்லோரும் நாற்காலிகளை நிரப்ப விழா அரங்கத்துக்கு வர வேண்டும் என்று உத்தரவு. நாற்காலிகள் நூற்றிருபது.

போகும்போது இயக்குநர் இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார். விருந்தினர் கீழே வந்து பார்வையிடுவார்கள், பதிவேட்டைப் புரட்டினாலும் புரட்டுவார்கள், அதில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. சாயக்காரி பதிவேட்டைப் பார்த்தாள். வந்த நேரம் 10.40. திறந்த நேரம் என்ற கட்டம் காலி. அஞ்சு நிமிஷத்தில் வந்துவிடும் என்று நம்பி, 11.30 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

விருந்தினர் கீழே வந்தார்கள். பதிவேட்டை யாரும் புரட்டவில்லை. ஒருவர் மட்டும் அதன்மேல் டீக் கோப்பையை வைத்தார், 11.30ஐச் சுற்றி வட்டமாக ஒரு கறை விழுந்தது.

கத்தரிக்கோல் திரும்பி வரவில்லை. பேச்சுகள் மதியம் தாண்டி நீண்டன. எதிர்காலத்தைக் கண்டுபிடிக்கும் மையத்தைப் பற்றி ஒவ்வொருவரும் அரை மணி நேரம் பேசினால் நிகழ்காலம் என்ன ஆகும் என்று ஒருவரும் கணக்கிடவில்லை. சாயங்காலம் அவள் மாடிக்குப் போய்க் கேட்டபோது கத்தரிக்கோல் வரவேற்புக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தது. கீழே பித்தளைத் தகடு: 'இம்மையத்தைத் திறந்துவைத்த கத்தரிக்கோல்.' டியூட்டி டாக்டர் விழா முடிந்து அப்படியே வீட்டுக்குப் போயிருந்தார். அடுத்த இரண்டு நாள் விடுமுறை. திங்கட்கிழமை காலை அவர் வந்து, வாளியில் ஃபார்மலினுக்குள் மூடியபடியே கிடந்ததைப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கத்தியால் திறந்தார். உள்ளே குழகுழவென்று இருந்தது. பதிவேட்டில் ஏற்கெனவே 11.30 இருந்ததால் அவர் எதுவும் எழுதவில்லை. அவளும் எதுவும் சொல்லவில்லை. வேலை என்றால் இப்படி ஒன்றிரண்டு வழுக்கும்தான் என்று இருவரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டார்கள்.

அந்த வாளிதான் புது மையத்தின் முதல் பரிசோதனையாக அமைந்தது.

முதல் அறிக்கை தடித்த தாளில் தங்கக் கரையோடு அச்சாகி வந்தது. நடுவே அரை வட்டம், அதில் வண்டியின் வேகம் காட்டுவதுபோல் ஒரு சிவப்பு முள். ஐந்தில் நான்கு. மிக அதிக அபாயம். இயந்திரம் ஸ்லைடுகளைத் தானே படம் பிடித்து, தானே நிறத்தை எண்ணி, தானே தீர்ப்பும் எழுதியிருந்தது. இயக்குநர் கையெழுத்து மட்டும் போட்டார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அறுவைக்கு முன் துணுக்கு எடுத்துப் பார்த்த பயாப்ஸியில் சாதுவாகத் தெரிந்த கட்டி அது. நுண்ணோக்கியை ஏமாற்றிய ஒரு பசுத்தோல் போர்த்திய புலியை மையம் முதல் பரிசோதனையிலேயே பிடித்துவிட்டது. சீக்கிரமே ஒரு மாநாட்டில் அவர் பேச வேண்டியிருந்தது. பேச்சுக்குத் தலைப்பும் கிடைத்துவிட்டது.

புற்றுநோய்ப் பிரிவின் டாக்டரம்மா அறிக்கையை இரண்டு முறை படித்தார். பிறகு தையல்காரம்மாவைக் கூப்பிட்டு, ஆறு தடவை கீமோ, அதன் பிறகு ஐந்து வாரம் கதிர்வீச்சு என்று நிதானமாக விளக்கினார். கூட வந்திருந்த நாத்தனார் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நாத்தனார் எழுதாத விஷயம் நடந்ததாகவே அந்தக் குடும்பத்தில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. முடி கொட்டுமா, வாந்தி வருமா, எத்தனை நாள் படுக்கை என்று நாத்தனார் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். தையல்காரம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், விரல் என்ன ஆகும் என்று. விரல் நுனி மரத்துப்போகலாம் என்றார் டாக்டரம்மா. சிலருக்குச் சரியாகிவிடும், சிலருக்கு அப்படியே தங்கிவிடும், முன்கூட்டிச் சொல்ல முடியாது.

புதன்கிழமை காலை தையல்காரம்மா கீழ்த்தளத்துக்கு வந்தார். படி இறங்கும்போது வயிற்றில் கை வைத்துக்கொண்டே இறங்கினார். கையில் ஒரே ஒரு கோட்டு. இயக்குநருடையது. மார்புப் பையின் மேல் 'முதன்மை முன்னறிவிப்பாளர்' என்று நீல நூலில் பூத்தையல். படுத்த படுக்கையாக இருந்தபோது பொழுது போகாமல் போட்டதாம். வீட்டுக்காரர் சமைக்கிறார், பெருக்குகிறார், போன வாரம் இஸ்திரி போடுகிறேன் என்று யாரோ ஒருவருடைய பேன்ட்டின் பின்பக்கத்தில் ஜன்னல் வைத்துவிட்டார் என்று சொல்லிச் சிரித்தார். சிரித்தது தையல் போட்ட இடத்தில் வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மேலே குழாய்கள் ஓடும் அந்த அறையில், காற்றாடி ஃபார்மலின் நெடியை வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. சாயக்காரி டீ ஊற்றிக் கொடுத்தாள். தையல்காரம்மா டீயை வாங்கிக் கீழே வைத்தார்.

"திங்கக்கிழமை முதல் ஊசி, தங்கச்சி."

சாயக்காரி தலையசைத்தாள்.

"சாவுக்குப் பயந்து பேசலை. செஞ்சுதான் ஆகணும்னா செஞ்சுக்கறேன். ஆனா இந்தக் கண்ணு போயி பத்து வருஷமாச்சு. ஊசில நூல் கோக்கறதுலருந்து துணி எந்தப் பக்கம்னு பாக்கற வரைக்கும் எல்லாம் விரல்தான். அதையும் குடுத்துட்டு வந்து உக்காந்தா, நான் வீட்ல என்னவா இருப்பேன் சொல்லு. உங்க அண்ணன் இஸ்திரி போட, நான் வேடிக்கை பாக்கணுமா?"

 தையல்காரம்மா மேசைமேல் கிடந்த ஒரு பழைய ஸ்லைடை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நாலு காலியா இருந்துச்சாம். காலியா இருந்தா கெட்டதாம். டாக்டரம்மா படம்கூடப் போட்டுக் காட்டினாங்க. எனக்குத்தான் மண்டைல ஏறலை. நான் ஒரு துணிக்குச் சாயம் போட்டு அது ஏறலைன்னா, துணியத் திட்டறதுக்கு முன்னாடி அதை ஒழுங்கா ஊற வெச்சனான்னுதான் யோசிப்பேன்."

அவர் அதை விளையாட்டாகத்தான் சொன்னார். சாயக்காரி, அவருடைய ஐந்து ஸ்லைடுகள் இருந்த தட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

தையல்காரம்மா போனதும் அவள் அந்த ஐந்து ஸ்லைடுகளையும் எடுத்துக்கொண்டு ஓரத்துப் பழைய நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தாள். ஹார்மோன் கேட்கும் புரதத்துக்கான ஸ்லைடை முதலில் வைத்தாள். கர்ப்பப்பையின் தசை, நோய் இல்லாத சாதாரணத் தசை, அந்தப் புரதம் இல்லாமல் இருக்காது. சாயம் போட்டால் அது பழுப்பாகத்தான் வர வேண்டும். வெளி ஓரத்தில் வந்திருந்தது, நல்ல பழுப்பு. ஸ்லைடை உள்பக்கமாக நகர்த்தினாள். பழுப்பு வெளுத்தது. இன்னும் நகர்த்தினாள். நோயே இல்லாத தசை வெறும் வெள்ளையாகக் கிடந்தது. அதற்கும் உள்ளே கட்டி, அதுவும் வெள்ளை. மற்ற ஸ்லைடுகளில் சாயம் ஏற வேண்டிய ரத்த அணுக்கள், நாளங்களின் சுவர், எல்லாமே ஒரே வெள்ளை.

கட்டியில் மட்டும் சாயம் இல்லையென்றால் அது கட்டியின் குணம். சுற்றியிருக்கும் நல்ல செல்களிலும் இல்லையென்றால், தோற்றது பரிசோதனை. இயந்திரத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதைக் கட்டியை மட்டும் பார்க்கச் சொல்லியிருந்தார்கள், பார்த்தது, காலி, காலி, காலி, காலி என்று எண்ணியது. அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியும். ஸ்லைடு போட்ட அன்றே கொஞ்சம் வெளிறித்தான் இருக்கிறது என்று நினைத்தாள். நினைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

பதிவேட்டைத் திறந்தாள். டீக் கறைக்கு நடுவில் 11.30 பத்திரமாக இருந்தது.

சொன்னால் இருபத்திரண்டு வருஷத்து வேலை என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. சொல்லாவிட்டால் திங்கட்கிழமை என்ன ஆகும் என்று தெரியும். பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடியேறினாள்.

இயக்குநரின் அறை பெரியது. அவர் மாநாட்டுப் பேச்சைக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். புதுக் கோட்டு அதற்குள் உடம்பில் ஏறியிருந்தது. நாற்காலிக்குப் பின்னால் சுவரில், ஆள் உயரத்துக்குச் சட்டமிட்ட புகைப்படம். ரிப்பன், தட்டு, தட்டு ஏந்திய டியூட்டி டாக்டர், நடுவில் அவர்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பொறுமையாகக் கேட்பது எப்படி என்று அவர் ஒரு பயிலரங்கமே நடத்தியிருக்கிறார். கேட்டு முடித்து, சாயம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் கூடவே ஓட்டும் சான்றுத் துண்டு சரியாகச் சாயம் பிடித்திருக்கிறதே என்றார். பிடித்தது வேறு ஒருவருடைய தொண்டைச் சதை, டான்சில், அது ஃபார்மலினில் ஒழுங்காக ஊறியது என்றாள் அவள். இயந்திரம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்றார். அது எடுத்துக்கொள்ளவில்லை என்றாள். அவர் கை நீட்டிப் பதிவேட்டை வாங்கினார். புரட்டினார். முகம் தெளிந்தது.

"இங்க பாருங்க. 10.40க்கு வந்திருக்கு. 11.30க்குத் திறந்தாச்சு. இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார். என் கையெழுத்துதான். எழுதினது பொய்."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியுமா, இதற்கு விசாரணை வைக்க வேண்டியிருக்கும் என்று மெதுவான குரலில் ஆரம்பித்தார். மெதுவான குரல் அவருக்குக் கோபத்தின் குரல்.

"வைங்க சார். 11.30க்கு நான் எப்படித் திறந்திருப்பேன்? திறக்கற கத்தரிக்கோல் உங்க கைல இருந்துச்சு. திறக்கற டாக்டர் தட்டு புடிச்சிட்டு நின்னாரு. உங்களுக்குப் பின்னாடியே இருக்கு, பாருங்க."

அவர் திரும்பினார். புகைப்படத்தில் அவர் புன்னகைத்துக்கொண்டிருந்தார். கையில் ஜெர்மானியக் கத்தரிக்கோல். தலைக்கு மேலே அரங்கத்துச் சுவரில் பெரிய வட்டக் கடிகாரம். படம் எடுத்தவர் வேலையில் கெட்டிக்காரர். கடிகாரத்தின் இரண்டு முள்ளும் ஊசி முனை தெளிவாக விழுந்திருந்தன. பதினொன்றரை.

இயக்குநர் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். தன்னுடைய படத்தை அவர் நீண்ட நேரம் பார்ப்பது புதிதில்லை என்றாலும், இந்த முறை முகத்தில் அந்த வழக்கமான திருப்தி இல்லை.

"ரிப்பன் வெட்டினப்புறம் யாருகிட்டயாவது குடுத்து அனுப்பச் சொன்னேனே" என்றார். யாரிடம் என்று அவருக்கே ஞாபகம் வரவில்லை. கடைசியில், "ஸ்லைடு எங்க?" என்று கேட்டார்.

இருவரும் கீழே போனார்கள். ஓரத்து நுண்ணோக்கி ஒரு காலத்தில் அவருடையது. நாற்காலியின் உயரம் சரியாக வரவில்லை; இழுத்தார், தள்ளினார், புதுக் கோட்டின் விறைப்பு முழங்கையை மடக்கவிடவில்லை. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கண்ணை வைத்ததும் கை தானாகக் குமிழைத் தேடிப் பிடித்தது.  வெளி ஓரத்திலிருந்து ஆரம்பித்து உள்ளே, திரும்ப வெளியே, திரும்ப உள்ளே. சாயக்காரி குமிழின் அந்த மெல்லிய கிறீச் சத்தத்தைக் கேட்டு ஆறு வருஷமாகிறது.

"தசையே வெள்ளையா இருக்கு" என்றார், கண்ணை எடுக்காமல். அது இயக்குநரின் குரல் இல்லை. பழைய டாக்டரின் குரல். "இதை வெச்சு ஒண்ணுமே சொல்ல முடியாது. நான் நாலுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

பிறகு அவரே கேட்டார், முதலில் எடுத்த பயாப்ஸி இருக்கிறதா என்று. அவள் அதற்குள் அலமாரியைத் திறந்திருந்தாள். மெழுகுக் கட்டியில் அரிசிப் பொரி அளவுக்கு நான்கைந்து துணுக்குகள். எடுத்த கையோடு ஃபார்மலினில் விழுந்தவை. திறக்க வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்குச் சின்னவை.

வியாழக்கிழமை அவள் புதிதாகச் சீவினாள். ஐந்து புரதத்துக்கும் ஐந்து ஸ்லைடு. இயந்திரத்தில்தான் சாயம் ஏற்றினாள். அதன்மேல் அவளுக்குப் பகை ஒன்றும் இல்லை. எண்ணும் வேலையை மட்டும் அதற்குக் கொடுக்கவில்லை. மதியம் ஸ்லைடுகள் வெளியே வந்தபோது இயக்குநர் ஏற்கெனவே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அழைப்பு எதுவும் இல்லாமல் ஓர் இடத்துக்கு அவர் முன்கூட்டி வந்தது அன்றைக்குத்தான்.

முதலில் கட்டியைப் பார்க்கவில்லை. சுற்றியிருந்த நல்ல செல்களைத்தான் பார்த்தார். ஐந்திலும் எது எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. அப்புறம்தான் கட்டி. ஹார்மோன் கேட்கும் முதல் புரதம் பழுப்பு. இரண்டாவது வெளிறல், ஆனால் இது நிஜ வெளிறல். பக்கத்துச் செல்கள் அடர்ந்திருக்க, கட்டி மட்டும் அரைகுறை. காவல்காரப் புரதம் ஒரு செல்லில் அழுத்தமாக, ஒரு செல்லில் லேசாக, புள்ளி புள்ளியாக இருக்க வேண்டியபடி இருந்தது. ஒட்டுப்போடும் புரதம் பத்திரம். இருக்கக் கூடாதது இல்லை.

"அஞ்சுல ஒண்ணு" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஒண்ணுகூட முழுசா இல்லை" என்றார்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவின் அறைக்கு அறிக்கையை அனுப்பாமல், அவரே எடுத்துக்கொண்டு போனார். சாயக்காரியையும் வரச் சொன்னார். உள்ளே தையல்காரம்மாவும் நாத்தனாரும் உட்கார்ந்திருந்தார்கள். புது அறிக்கை சாதாரணத் தாளில், முள் எதுவும் இல்லாமல் இருந்தது. டாக்டரம்மா படித்து முடித்ததும் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார். கீமோ வேண்டாம். பிறப்புறுப்பு வழியாக உள்ளே மட்டும் மூன்று முறை கதிர்வீச்சு, ஒவ்வொன்றும் சில நிமிஷம். அப்புறம் நான்கு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். இது திரும்பி வரவே வராது என்று எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் வராமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். விரலுக்கு ஒன்றும் ஆகாது.

தையல்காரம்மா மடியில் கையை வைத்து, கட்டைவிரலால் மற்ற விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தார்.

நாத்தனார்தான் நோட்டைத் திருப்பி முன் பக்கத்தைக் காட்டினார். போன வாரம் நான்கு, இந்த வாரம் ஒன்று, நடுவில் என்ன நடந்தது என்று கேட்டார். நியாயமான கேள்வி. இயக்குநர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். தொழில்நுட்பம் சார்ந்த சில தவிர்க்க முடியாத மாதிரித் தயாரிப்புக் காரணிகளால், என்று ஒரு நீளமான வாக்கியத்தை எடுத்தார். அது மாநாட்டு வாக்கியம். முடிய இன்னும் தூரம் இருந்தது. எதிரே தையல்காரம்மா தொட்ட விரலையே திரும்பத் தொட்டுக்கொண்டிருந்தார். வாக்கியம் பாதியில் நின்றது.

"நான் தப்பு பண்ணிட்டேம்மா. உங்களோடதைத் திறக்க வேண்டிய கத்தரிக்கோலை எடுத்துட்டுப் போய் ரிப்பன் வெட்டிட்டேன்."

"திறந்தாச்சுன்னு எழுதினது நான், அக்கா" என்றாள் சாயக்காரி.

நாத்தனார் பேனாவை எடுத்தார். தேதி போட்டு, இரண்டையும் எழுதி, அடிக்கோடும் போட்டுக்கொண்டார்.

தையல்காரம்மா இயக்குநரை மேலும் கீழும் பார்த்தார். கோபப்படுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் பார்வை மார்புப் பையில் நின்றது.

"சரி சார். அந்தக் கோட்டைக் கழட்டிக் குடுங்க. எழுத்தைப் பிரிச்சுட்டுத் தர்றேன்."

இயக்குநர் பையிலிருந்த பேனாவை எடுத்தார். பிறகு கழற்றிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் மாநாட்டில் அவர் பேசினார். கட்டிக்குப் பக்கத்திலுள்ள நல்ல செல்களை முதலில் பார்க்க வேண்டும் என்ற, எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும் விஷயத்துக்கு 'உள்சாட்சி நெறிமுறை' என்று பெயர் வைத்துக் கைதட்டல் வாங்கியதாகச் சேதி வந்தது. சாயக்காரிக்கு ஒரு மெமோ வந்தது. பதிவேட்டில் உண்மைக்குப் புறம்பான நேரம் எழுதியது ஏன் என்று. எழுதியது தன் தவறு, அந்நேரம் கத்தரிக்கோல் இருந்த இடம் புகைப்படத்தில் உள்ளது என்று இரண்டே வரியில் பதில் கொடுத்தாள். கோப்பு அதோடு படுத்துத் தூங்கியது. ஆனால் தினமும் காலையில் ஒரு மணி நேரம் இயக்குநர் கீழே வந்து ஓரத்து நாற்காலியில் உட்காருகிறார். அதற்கு அவர் இன்னும் பெயர் வைக்கவில்லை.

மூன்றாவது கதிர்வீச்சு முடிந்த அன்று தையல்காரம்மா கீழே வந்தார். டீயை இந்த முறை குடித்தார். கத்தரிக்கோல் மேசை ஓரத்தில், பழைய இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வரவேற்புக் கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில், அதே பித்தளைத் தகட்டுக்கு மேலே, இப்போது அலுவலகக் கத்தரிக்கோல் படுத்திருக்கிறது. இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

"இதானா அது?" என்று கேட்டு எடுத்தார். விரித்தார், மூடினார், காதுக்குப் பக்கத்தில் வைத்து மறுபடி மூடினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அலகின் ஓரமாக நடுவிரல் நுனியை மெல்ல ஓட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. அரை மயிரிழை பின்னால் போய், அங்கேயே திரும்ப வந்தது.

சாயக்காரி கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"இங்க சின்னதா பல்லு விழுந்திருக்கு, தங்கச்சி" என்றார் தையல்காரம்மா, கண்ணைத் திறக்காமல். "ரிப்பன்ல கம்பி இருந்திருக்கும்."